நடுக்கதவைக் கழற்றிய கச்சேரி

நவம்பர் 4, திங்கள்

காலை ஒன்பதரைக்குச் சென்னையிலிருந்து ஒரு தொலைபேசி. அயர்லாந்திலிருந்து ஒரு நாட்டுப்புற இசைக்குழு வந்திருக்கிறதாம். மதுரையில் ஒரு நிகழ்ச்சி, திருவனந்தபுரத்தில் ஒரு நிகழ்ச்சி, நடுவில் இருபத்து மூன்றாம் தேதி சனிக்கிழமை சும்மா கிடக்கிறது. பாளையங்கோட்டையில் நம் இசை ரசிகர் மன்றத்தில் ஒரு மாலை வாசிக்கலாமா என்று ஏற்பாட்டாளர் கேட்டார். செல்டிக் இசை என்றார். செல்டிக் என்றால் என்ன என்று கேட்க என் கௌரவம் இடம் தரவில்லை. "தாராளமாக" என்று சொல்லிவிட்டு, அப்புறம் அகராதியைப் புரட்டினேன்.

தலைவர் நயினாரிடம் சொன்னதும் துள்ளினார். அவர் ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர். எதற்கும் துள்ளுவார். "வெள்ளக்காரன் நம்ம மேடைல உக்காந்து வாசிக்கப் போறான்வே! நீரு செயலாளரா இருக்கையில நடக்கணும்னு இருக்கு" என்றார். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான். ஆனாலும் அரங்கத்துக்குப் போய்ச் சுவரில் மாட்டியிருக்கும் விதிமுறைப் பலகையைத் துடைத்துவிட்டு வந்தேன். என் கையெழுத்தில் பன்னிரண்டு விதிகள். முப்பத்தாறு வருடம் தபால் துறையில் இருந்தவன் நான். எழுத்தில் இல்லாதது எனக்கு நடந்ததாகவே கணக்கில்லை.

விதி மூன்று: மேடையில் காலணி அணியலாகாது. விதி ஏழு: தாளம் போடுவோர் அடுத்தவர் காதில் விழாதபடி போடவும். இந்த ஏழாம் விதி எட்டு வருடங்களுக்கு முன் சேர்த்தது. காரணம் இங்கே அவசியமில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. ஆள் வந்து பார்த்துவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று போனார். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் சாயங்காலம் முழுவதும் பெட்டி ஒட்டுகிற டேப்பை இழுக்கும் சத்தம்.

நவம்பர் 7, வியாழன்

மோட்டார் சரியாயிற்று. ஏற்பாட்டாளர் "என்ன எதிர்பார்க்கலாம்" என்று தலைப்புப் போட்டு ஒரு பக்கம் அனுப்பியிருந்தார். செயற்குழுவில் நானே தமிழாக்கி வாசித்தேன்.

ஐந்து பேர். பிடில், மரப் புல்லாங்குழல், அக்கார்டியன், கிடார், அப்புறம் மடியில் அணைத்துக்கொண்டு குச்சியால் அடிக்கிற ஒரு தோல் மேளம். ஒரு மெட்டை இரண்டு மூன்று தடவை வாசித்துவிட்டு, நிறுத்தாமலே அடுத்த மெட்டுக்குத் தாவுவார்களாம். தாவுகிற அந்த இடத்தில் கூட்டம் "ஹோ" என்று கூவ வேண்டுமாம். நடுவில் ஒரு சோகப் பாட்டு வரும், அப்போது மட்டும் அமைதி. மற்றபடி கை தட்டலாம், காலால் தரையைத் தட்டலாம், பல்லவியைச் சொல்லிக் கொடுப்பார்கள், எல்லோரும் கூடப் பாட வேண்டும், எழுந்து ஆட இடம் வேண்டும், முன் மூன்று வரிசை நாற்காலிகளை எடுத்துவிட்டால் நல்லது.

வாசித்து முடித்ததும் எல்லோரும் நயினாரைப் பார்த்தார்கள்.

"முதல் மூணு வரிசையையா? அது ஆயுள் உறுப்பினர்லாவே" என்றார் நயினார்.

நாற்காலி எடுக்கப்படாது, விதி ஏழு எல்லோருக்கும் பொது என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.

நவம்பர் 9, சனி

பால்காரர் சொல்லித்தான் தெரிந்தது. என் அக்கா வடிவு வீட்டைக் காலி செய்துகொண்டு ஓசூரில் மகள் கோமுவிடம் போகிறாளாம். இருபத்தேழாம் தேதி ரயிலாம். இனிமேல் அங்கேயேதானாம்.

"ஒங்களுக்குத் தெரியாதா அண்ணாச்சி? ஒரே வீடுல்லா?" என்று பால்காரர் கேட்டார். ஒரே வீடுதான். அப்பா காலத்து வீடு. கிழக்குப் பாதி எனக்கு, மேற்குப் பாதி அக்காவுக்கு. வாசல் தனித்தனி. நடு அறையில் ஒரு கதவு இருக்கிறது. பத்திரப்படி நடுச்சுவரும் கதவும் இருவருக்கும் பொது.

போகட்டும், நல்லதுதான். மகளோடு இருப்பது பாதுகாப்பு. இரவுக்குத் தோசை வார்த்தேன். சாப்பிடத் தோன்றவில்லை. மாவு கொஞ்சம் புளித்திருந்தது என்று நினைக்கிறேன்.

நவம்பர் 11, திங்கள்

புதிய சிக்கல். குழுவோடு ஓர்லா என்று ஒரு ஆட்டக்காரப் பெண்ணும் வருகிறாள். அவள் காலில் போடுவது அடிப்பாகம் கனத்த ஷூ. அந்த ஷூவின் சத்தம்தான் ஆட்டம். கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு காலால் மட்டும் தாளத்தைத் தரையில் பொரிந்து தள்ளுவாளாம். நம் மேடையோ சிமெண்டுத் தரை. சிமெண்டில் குதித்தால் முழங்கால் போய்விடும், சத்தமும் எழும்பாது, மரம் வேண்டும் என்கிறார்கள்.

மரம் இருக்கட்டும், விதி மூன்று என்ன ஆவது? மேடையில் காலணி ஏறியதே இல்லை. போன வருடம் வந்த அமைச்சர் கூடக் கழற்றிவிட்டுத்தான் ஏறினார். நயினார் யோசித்துவிட்டு, "வந்தவள நொண்டியாக்கி அனுப்பச் சொல்லுதீரா?" என்று கேட்டார்.

மாலையில் குழுத் தலைவர் டோனல் ஒரு குரல் செய்தி அனுப்பினார். தோல் மேளம் அடிப்பவர் அவர்தான். கவலையே வேண்டாம், எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் ஆட மேடை ஏது, வீட்டுக் கதவைக் கழற்றித் தரையில் போட்டு அதன்மேல்தான் ஆடுவார்கள், உங்களிடம் ஒரு கதவு இருந்தால் போதும் என்றார். நயினார் துள்ளிவிட்டார். "பாத்தீரா! ஷூ படுறது கதவுமேல. கதவு வேற, மேடை வேற. உம்ம விதிக்கு ஒரு கீறல் விழாது!"

நவம்பர் 13, புதன்

இசக்கி ஆசாரியைக் கூட்டிக்கொண்டு அரங்கத்தின் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தோம். எல்லாம் ஒட்டுப்பலகை. "உள்ள காத்துதான் இருக்கு அண்ணாச்சி. அந்தப் பிள்ள ஒரு மிதி மிதிச்சா கால் அந்தாண்ட போயிரும்" என்றார் ஆசாரி. நயினார் வீட்டில் இரும்புக் கதவு. பொருளாளர் வீட்டுக் கதவில் கஜலட்சுமி செதுக்கியிருக்கிறது, அதில் யார் கால் வைப்பது?

அப்போது நயினார் என்னைப் பார்த்தார். "உம்ம வீட்டு நடுக்கதவு என்ன மரம்வே?"

தேக்கு. ஒற்றைக் கதவு. இரண்டு விரற்கடை கனம். ஆசாரிக்கும் தெரியும், அவர் அப்பா செய்தது. அது திறக்கிற கதவு இல்லை என்றேன்.

இதை எழுதித்தான் ஆக வேண்டும். எட்டு வருடத்துக்கு முன் தை மாதம், சென்னையிலிருந்து ஒரு பெரிய வித்வான் வந்து பாடினார். அக்கா முன் வரிசையில் இருந்தாள். அவள் பெண்கள் பள்ளியில் டிரில் டீச்சராக இருந்தவள். நானூறு பிள்ளைகளை ஒற்றை விசிலில் நிறுத்துவாள். அவள் தொடையில் தாளம் போட்டால் நாலாவது வரிசைக்குக் கேட்கும். பாட்டும் கூடவே வரும், சில சமயம் வித்வானுக்கு முன்னாலேயே வரும். வித்வான் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். நான் செயலாளர். ஒரு துண்டுச்சீட்டு எழுதினேன். "தாளம் போடுவதையும் கூடப் பாடுவதையும் தவிர்க்கவும். இங்ஙனம், செயலாளர்." எங்கள் மன்றத்தில் சீட்டு என்றால் விருப்பப் பாடல் கேட்பதற்கு. அதனால் கை மாறிப் போகும்போது எல்லோரும் படிப்பார்கள். ஏழு பேர் படித்துவிட்டு அக்காவிடம் கொடுத்தார்கள். அவளுக்குப் பிடித்த பாட்டை நான் கேட்டிருக்கிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, சிரித்துக்கொண்டேதான் கண்ணாடியை மாட்டினாள்.

பாட்டு முடியும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனாள். நான் வீடு திரும்பியபோது நடுக்கதவுக்கு அந்தப் பக்கம் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. அவள் போட்டால் நானும் போடத்தானே வேண்டும். போட்டேன்.

நவம்பர் 14, வியாழன்

கதவுக்கு அடியில் ஒரு சீட்டுத் தள்ளினேன்.

"மன்ற நிகழ்ச்சிக்கு நடுக்கதவு தேவைப்படுகிறது. கதவு பொது என்பதால் தங்கள் சம்மதத்தை எழுத்து மூலம் தெரிவிக்கவும். இங்ஙனம், செயலாளர்."

பாதிச் சீட்டு என் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. குளித்துவிட்டு வந்து பார்த்தேன், இல்லை.

நவம்பர் 15, வெள்ளி

பதில் வந்தது, காலண்டர் தாளின் பின்புறத்தில். நடந்ததை அப்படியே பதிவு செய்கிறேன்.

அக்கா: "கதவு எதற்கு?"

நான்: "அயர்லாந்துப் பெண் ஒருத்தி அதன்மேல் நின்று ஆடுவாள்."

அக்கா: "செருப்போடவா?"

நான்: "கனத்த ஷூவோடு. நிகழ்ச்சியில் எல்லோரும் கை தட்டலாம், கூடப் பாடலாம் என்பது அவர்கள் வழக்கம்."

இதற்குப் பதில் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்தப் பக்கம் மிக்ஸி ஓடியது. தேங்காய்ச் சட்னி என்று வாசனையில் தெரிந்தது.

அக்கா: "சம்மதம். என் பக்கம் மேலே வரும்படி போடவும். எனக்கு இனிமேல் அந்தக் கதவு தேவைப்படாது."

ஓசூர் போவது உண்மையா என்று ஒரு சீட்டு எழுதினேன். எழுதிக் கிழித்துவிட்டேன். உண்மை என்று தெரிந்த பிறகு எதற்குக் கேட்பது?

நவம்பர் 17, ஞாயிறு

இசக்கி ஆசாரி எட்டு மணிக்கு வந்தார். முதலில் அந்தப் பக்கம் போய்த் தாழ்ப்பாளைத் திறக்கச் சொல்லுங்கள் என்றேன். "மொதல்ல இங்கன பாத்துருவோம் அண்ணாச்சி" என்று என் பக்கத் தாழ்ப்பாளைச் சுத்தியலால் தட்டித் தட்டி விடுவித்தார். துருவேறி இறுகியிருந்தது. அது விலகியதும் கதவு தானாக ஒரு சாண் திறந்தது.

அந்தப் பக்கம் அக்கா முறத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். நான் ஆசாரியைப் பார்த்தேன்.

"அந்தப் பக்கம் தாப்பாளே போடல அண்ணாச்சி" என்றார் அவர். கதவைத் திருப்பிக் காட்டினார். அக்கா தன் பக்கத்துக்குப் பச்சை பெயிண்ட் அடித்திருக்கிறாள். தாழ்ப்பாளின் மேலும் சேர்த்தே அடித்திருக்கிறாள். திறந்த நிலையிலேயே பெயிண்டில் ஒட்டி உறைந்து கிடக்கிறது அது. "இத அசச்சே ஏழு வருசம் இருக்கும். உங்க பக்கம் மட்டுந்தான் பூட்டு."

அக்கா முறத்தைக் கீழே வைத்தாள். "ஆசாரியாரே, காபி சாப்பிடுதியளா?" என்று கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு தம்ளர் வந்தது. ஒன்று ஆசாரிக்கு. இன்னொன்றைத் தரையில் சரியாக நிலைப்படியின் நடுவில் வைத்துவிட்டுப் போனாள். சீனி கம்மியாக, டிகாக்‌ஷன் தூக்கலாக, நான் குடிக்கிற மாதிரியே இருந்தது.

ஆசாரி இரண்டு தாழ்ப்பாளையும் கழற்றிக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டு, இழைத்துத் துடைத்து வைக்கிறேன் என்று கதவைப் பட்டறைக்கு எடுத்துப் போய்விட்டார். நிகழ்ச்சி முடியும்வரை வராது.

நவம்பர் 18, திங்கள்

கதவில்லை. என் மின்விசிறிக் காற்று அந்தப் பக்கம் போகிறது.

நவம்பர் 19, செவ்வாய்

மரியாதைக்காக நடு வாசலில் ஒரு பழைய வேட்டியைத் திரையாகக் கட்டினேன். மத்தியானம் தூங்கி எழுந்து பார்த்தால் வேட்டியைக் காணோம். சாயங்காலம் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து என் நாற்காலியில் இருந்தது. விளிம்பில் கிழிந்திருந்ததைத் தைத்தும் இருக்கிறாள்.

நவம்பர் 20, புதன்

அழைப்பிதழைக் கொடுக்கப் போனேன். எட்டு வருடம் கழித்து அந்தப் பக்கம் கால் வைத்தேன். நடு அறை முழுவதும் அட்டைப்பெட்டிகள். "பாத்திரம்", "கோமுவின் பழைய புத்தகம்", "சாமி படம்" என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருக்கிறாள்.

"முன் வரிசை, ஆறாம் எண்" என்றேன்.

"எனக்குக் கையக் கட்டிட்டு உக்காரத் தெரியாது செயலாளரே."

அழைப்பிதழை ஒரு பெட்டிமேல் வைத்துவிட்டு, தாழ்ப்பாளைப் பற்றிக் கேட்டேன். எப்போது திறந்தாள்?

"அன்னைக்கு ராத்திரி கோவத்துல போட்டேன். விடியக்காலம் பால் காய்ச்சும்போதே திறந்துட்டேன். நீ காபிக்கு வருவல்லா."

"நீ தள்ளிப் பார்த்திருக்கலாமே அக்கா."

"பாத்தேம்லா. உன் பக்கம் போட்டிருந்துச்சு."

அவள் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. மழை பெய்தது என்று சொல்வதைப் போலச் சொன்னாள். எனக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு, ஓசூர் அவசியம்தானா என்று கேட்டேன்.

"சித்திரை பொறக்கதுக்கு ரெண்டு நாளைக்கு முந்தி குளியலறையில வழுக்கி விழுந்துட்டேன். எந்திரிக்க முடியல. பூக்காரி வாரவரைக்கும் ஒண்ணே கால் மணி நேரம் அப்படியே கெடந்தேன். அதுலருந்து கோமு பயந்துட்டா. ஒத்தையில இருக்கப்படாதுங்கா." பெட்டி ஒன்றை ஓரமாகத் தள்ளினாள். "உன்னக் கூப்பிட்டேன். நீ பாட்டு வச்சிருந்த."

திரும்பி வந்து இந்த நாட்குறிப்பில் அந்தத் தேதியைத் தேடி எடுத்தேன். ஏப்ரல் 12, வெள்ளி. என் கையெழுத்தில் இரண்டே வரி. "காலையில் பழைய ஒலிப்பதிவுகள் மூன்று மணி நேரம் கேட்டேன். தொந்தரவில்லாத, நிம்மதியான காலை."

இன்று வேறொன்றும் எழுத முடியவில்லை.

நவம்பர் 22, வெள்ளி

நாற்காலிகளுக்கு எண் ஒட்டினேன். ஐந்து பொன்னாடையோடு ஓர்லாவுக்கும் ஒன்று, ஆக ஆறு. குத்துவிளக்கு துலக்கியாயிற்று. இரத்த அழுத்த மாத்திரை போட்டேனா என்று நினைவில்லை.

நவம்பர் 23, சனி

காலையிலிருந்து மழை. இருந்தும் நூற்று எழுபத்தாறு பேர் வந்தார்கள். ஆயுள் உறுப்பினர்கள் அத்தனை பேரும் குடையோடு ஆஜர்.

ஓர்லா விதி மூன்றை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு மேடை ஏறினாள். கதவின்மேல் உட்கார்ந்துதான் மாட்டிக்கொண்டாள். எனக்கு அந்தப் பிள்ளையை அப்போதே பிடித்துவிட்டது. பச்சைப் பக்கம் மேலே. கதவு மேடையில் கிடந்தது எனக்கு என்னவோ போல் இருந்தது.

விளக்கேற்றி, பொன்னாடை போர்த்தி, நயினார் கால் மணி நேரம் பேசி முடித்தார். மடித்த பொன்னாடையை என்ன செய்வது என்று தெரியாமல் டோனல் அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டார். கடைசிவரை கழற்றவில்லை, வேர்த்து வடிந்தது.

முதல் மெட்டை எடுத்தார்கள். தகிட தகிட என்று ஓடுகிறது, சின்னப் பிள்ளைகள் படியிறங்கி ஓடுகிற மாதிரி. பிடிலும் குழலும் ஒரே வரியை வாசிக்கின்றன, ஆனால் ஆளுக்கொரு கமகம். நல்ல வாசிப்பு. மெட்டு மாறுகிற இடம் வந்தது. எங்கள் ஆட்கள் யாரும் கூவவில்லை. "ச்ச்ச்" என்று தலையை ஆட்டினார்கள். எங்கள் ஊரில் அது பெரிய பாராட்டு. டோனலுக்கு அது தெரியுமா?

டோனல் மைக்கில், கைகள் வேண்டும், எல்லோருடைய கைகளும் வேண்டும் என்றார். நூற்று எழுபத்தாறு பேரும் கையை எடுத்தார்கள். விதி ஏழின்படியே எடுத்தார்கள். ஒரு தட்டு, விரல் எண்ணிக்கை, அப்புறம் கையைத் திருப்பி ஒரு வீச்சு, பஞ்சின்மேல் பஞ்சு விழுகிற மாதிரி ஒரு சத்தமும் இல்லை. இடது பக்கம் ரூபக தாளம் போட்டது, வலது பக்கம் திஸ்ர ஏகம் போட்டது, பொருளாளர் இரண்டுக்கும் நடுவில் தவித்தார். டோனல் மூன்று மெட்டுவரை பார்த்தார். பிறகு மைக்குக்கு வந்து, "எல்லோரும் கையசைத்து எங்களுக்கு விடை கொடுக்கிறீர்களா? இன்னும் பத்து உருப்படி பாக்கி இருக்கிறதே" என்று பரிதாபமாகக் கேட்டார். மொழிபெயர்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

ஓர்லா கதவில் ஏறினாள். தேக்கு பேசியது. அந்தச் சத்தத்தை எனக்கு விவரிக்கத் தெரியவில்லை. மேளமும் அவள் காலும் ஒன்றையொன்று துரத்தின. அப்போதும் அரங்கம் விரல்தான் எண்ணிக்கொண்டிருந்தது.

நான் தூணோரமாக நின்று ஆறாம் எண் நாற்காலியைப் பார்த்தேன். அக்கா வந்திருந்தாள். அரக்கு நிறப் பட்டுச்சேலை. முதுகு நிமிர்ந்து, இரண்டு கையையும் மடியில் கோத்து வைத்திருந்தாள். விரல் கூட அசையவில்லை. அவளுடைய கட்டைவிரல் ஒன்றை மற்றது அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பது தூணிலிருந்தே எனக்குத் தெரிந்தது. தாளம் காதில் விழுந்தால் சும்மா இருக்க முடியாத ஜென்மம் அது. அதைக் கட்டிப் போட்டது நான். நாலு நாளில் இந்தக் கையைக் கோத்துக்கொண்டே அவள் ரயில் ஏறிப் போய்விடுவாள்.

சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்தேன். "தாங்கள் தாளம் போடலாம். இங்ஙனம், செயலாளர்" என்று எழுதினேன். சீச்சீ என்றிருந்தது. கசக்கிவிட்டு இன்னொன்று எழுதினேன்.

"அக்கா, சத்தமாப் போடு. தெய்வு."

தெய்வநாயகம் என்ற என் பெயரை அவள் ஒருத்திதான் அப்படிக் கூப்பிடுவாள். சீட்டை வரிசையின் ஓரத்தில் கொடுத்தேன். வழக்கப்படி ஒவ்வொருவரும் பிரித்துப் படித்துவிட்டுத்தான் அடுத்தவரிடம் கொடுத்தார்கள். படிக்கட்டும் என்றுதான் கொடுத்தேன். கையில் வாங்கிய அக்கா கண்ணாடியை மாட்டினாள். படித்தாள். மறுபடி படித்தாள். என் பக்கம் திரும்பவில்லை. கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டு, உறையைப் பையில் போட்டு, பையைக் காலடியில் வைத்தாள்.

பிறகு தொடையில் ஒரு அடி விழுந்தது. நாலாவது வரிசை நிமிர்ந்தது. டோனல் நிமிர்ந்தார். ஏழெட்டு அடிக்குள் அக்கா எழுந்து நின்று, அரங்கத்தைப் பார்த்துத் திரும்பி, "என்ன எல்லாரும் பூஜையிலயா இருக்கிய? கையத் தட்டுங்க! ஒண்ணு, ரெண்டு!" என்றாள். அந்தக் குரலுக்கு எங்கள் ஊரில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் யாரும் கீழ்ப்படியாமல் இருக்க முடியாது. அவளிடம் படித்தவர்கள்தான் அரங்கத்தில் பாதிப் பேர். தட்டினார்கள். அப்புறம் கால். அப்புறம் மெட்டு மாறிய இடத்தில் பொருளாளர், பத்து வருடமாகத் தும்மல்கூடச் சத்தமாகத் தும்மாத மனிதர், "ஹோ" என்று கூவினார்.

அதற்குமேல் ஒழுங்காக எழுத என்னால் முடியாது. முன் மூன்று வரிசை நாற்காலிகளை ஆயுள் உறுப்பினர்களே மடக்கி ஓரமாக வைத்தார்கள். கடலுக்குப் போனவனை நினைத்து ஒருத்தி பாடுகிற சோகப் பாட்டுக்கு மட்டும் அமைதி வந்தது, வெளியே மழைச் சத்தம் கேட்டது. பல்லவி சொல்லிக் கொடுத்தார்கள். அக்கா டோனலுக்கு முன்னாலேயே பாடினாள். அவர் சந்தோஷப்பட்டு அவளை முந்த முந்த வாசித்தார்.

கடைசி உருப்படியில் ஓர்லா இறங்கி வந்து அக்காவின் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்தாள். அந்த அமளியிலும் அக்கா படியருகில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினாள். எங்கள் நடுக்கதவின் பச்சைப் பக்கத்தில் ஒரு ஜோடி ஷூவும் ஒரு ஜோடி வெறுங்காலும் குதித்தன. அறுபத்தேழு வயதில் அப்படிக் குதிக்கக் கூடாது. குதித்தாள்.

நானும் தட்டினேன். அடுத்தவர் காதில் கட்டாயம் விழுந்திருக்கும்.

நவம்பர் 24, ஞாயிறு

உள்ளங்கை வீங்கியிருக்கிறது. அக்காவுக்கு முழங்கால் வலி. தைலத்தை எடுத்துக்கொண்டு நடு வாசல் வழியாகப் போனேன். இரண்டு பேரும் கோமுவிடம் சொல்வதில்லை என்று தீர்மானித்தோம். எழுத்தில் இல்லை, வாய்மொழியாகத்தான்.

நவம்பர் 26, செவ்வாய்

இசக்கி ஆசாரி கதவைக் கொண்டுவந்து மாட்டினார். ஷூ பட்ட இடமெல்லாம் பிறை பிறையாகத் தடம். இழைத்து எடுத்துவிடவா என்று கேட்டார். "தொடாதேயும்" என்று இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் குரல் வந்தது.

பிறகு, காகிதத்தில் சுற்றிய தாழ்ப்பாள்களைக் கேட்டார். "ரெண்டு பக்கமும் பழையபடி வச்சிரவா அண்ணாச்சி?"

நான் அக்காவைப் பார்த்தேன். "அவன்ட்டயே கேளும். அவந்தான செயலாளர்" என்றாள்.

வேண்டாம் என்றேன். இரண்டையும் ஆசாரியே எடுத்துக்கொண்டு போய்விட்டார். திருகாணி ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன.

சாயங்காலம் அக்கா ஓசூருக்குத் தொலைபேசியில் பேசினாள். கதவு திறந்திருந்ததால் கேட்டுவிட்டது, ஒட்டுக்கேட்கவில்லை. "ஒத்தையில இல்லட்டி. நடுக்கதவுல தாப்பாள எடுத்தாச்சு. நான் விழுந்தா அவன் வருவான். அவன் விழுந்தா யாரு வருவா? அரையாண்டு லீவுக்கு நீ பிள்ளையளக் கூட்டிட்டு இங்க வா." அந்தப் பக்கம் கோமு என்னவோ அழுதாள் போலிருக்கிறது. "சும்மா கெட" என்றாள் அக்கா. பேசி முடித்ததும் டேப்பைக் கிழிக்கிற சத்தம் கேட்டது. முதலில் திறந்தது "பாத்திரம்" என்று எழுதிய பெட்டி.

நவம்பர் 27, புதன்

ரயில் சரியான நேரத்துக்குப் போய்விட்டதாகப் பால்காரர் சொன்னார். அரங்கத்துக்குப் போய் விதிமுறைப் பலகையில் ஏழாவதை அடித்தேன். பதினொன்றுதான் இனிமேல். எண்களை மாற்றி எழுதலாமா, இடத்தைக் காலியாக விடலாமா என்று இங்கே யோசித்து எழுதிக்கொண்டிருக்கும்போதே மேசைமேல் ஒரு காலண்டர் தாள் வந்து விழுந்தது. அக்கா வைத்துவிட்டுத் திரும்பிப் போகிறாள்.

"காபி ஆறுகிறது. உடனே வரவும். இங்ஙனம், அக்கா."

போகிறேன்.